சோயா விதைக்கும் தேதியை முடிவு செய்வது யார்? மேற்கு மாவட்ட உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களை நடத்தும் இயக்குநர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2018-இல் மக்காச்சோளத்தில் படைப்புழு வந்து இறங்கியதிலிருந்து, "இதுக்குப் பதிலா என்ன போடலாம்" என்ற பேச்சு நம் பக்கம் ஓயவே இல்லை. அந்தப் பேச்சு சுற்றிச் சுற்றி இப்போது சோயாவில் வந்து நிற்கிறது. நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்கு வேண்டிய சோயாப் புண்ணாக்கு மத்தியப் பிரதேசத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் வருகிறது. அதை இங்கேயே விளைவித்தால் வண்டி வாடகையாவது மிச்சம் என்று கணக்குப் போடுகிறீர்கள். கணக்கில் தப்பில்லை. சோயா வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை.

ஆனால் நான் போய் உட்கார்ந்த கூட்டங்களில் விதை விலை பேசினார்கள், ஆலைக்காரர் என்ன விலைக்கு எடுப்பார் என்று பேசினார்கள், மானியம் வருமா என்று நெடுநேரம் பேசினார்கள். எந்தத் தேதியில் விதைப்பது என்று மட்டும் யாரும் பேசவில்லை. கடைசியில் ஒருவர் எழுந்து, "அதென்னங்க, ஆடிப்பட்டத்துல போட்டுக்கலாம்" என்றார். எல்லோரும் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல்.

என்னைப் பற்றி ரெண்டு வரி. மத்தியப் பிரதேசத்தில் இந்தூர், உஜ்ஜைன் பக்கம் சோயா கொள்முதல் வேலையில் பல வருடம் இருந்தவன். மூட்டைக்குள் கையை விட்டு ஈரம் பார்ப்பதுதான் சம்பளத்துக்கான வேலை. இப்போது உடுமலை பக்கம் சொந்தக் காட்டில் விவசாயம். அதனால் அந்த ஊர்ச் சோயாவும் தெரியும், இந்த ஊர் வானமும் ஓரளவு தெரியும்.

முதலில் ஒரு சின்னக் கூட்டல். நமக்கு ஏற்ற சோயா ரகங்கள் 80 முதல் 90 நாளில் முற்றும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ (சோயா) 3 ரகம் 85, 90 நாள் எடுக்கும். ஆடி 2, அதாவது ஜூலை 18-இல் விதைத்தால் அக்டோபர் 16-இல் 90 நாள் முடிகிறது. ஆடிப்பெருக்கு நாள் நல்ல நாள் என்று ஆகஸ்ட் 2-இல் விதைத்தால் அக்டோபர் 31. அறுத்துக் காயவைத்து அடித்து முடிக்க அதற்கு மேல் ஒரு வாரம், பத்து நாள். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20-ஐ ஒட்டி. நம் மாவட்டங்களில் வருடத்தின் கனத்த மழையே ஐப்பசியில்தான். அதாவது, வருடத்திலேயே அதிக மழை பெய்யும் வாரங்களைப் பார்த்து அறுவடையைக் கொண்டுபோய் வைக்கிறோம்.

நெல்லோ சோளமோ என்றால் மழையில் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். சோயா அப்படி இல்லை. முற்றிய சோயாச் செடியில் இலை எல்லாம் உதிர்ந்துவிடும். காய்களை மறைக்க ஒன்றும் இருக்காது. தண்டோடு ஒட்டிய பழுப்பு நிறக் காய்கள் அப்படியே வானத்தைப் பார்த்து நிற்கும். மழை பெய்தால் உள்ளே இருக்கும் மணி தண்ணீரைக் குடித்து உப்பும். வெயில் அடித்தால் சுருங்கும். ரெண்டு மூன்று முறை இப்படி உப்பிச் சுருங்கினால் மேல்தோல் சுருக்கம் விழுந்து விரிந்துவிடும். நகத்தால் கீறினால் தோல் தனியாகக் கழன்று வரும். சோயா விதைக்கு உறக்க காலம் என்று ஒன்று இல்லாததால் ஈரம் நீடித்தால் காய்க்குள்ளேயே முளை விடும். பூஞ்சணம் பிடித்த மணியில் ஊதா நிறக் கறை ஏறும். மழைக்குப் பிறகு நல்ல வெயில் அடித்தாலும் நிம்மதி கிடையாது: மத்தியான நேரத்தில் வயலுக்குள் நடந்தால் காய்கள் பட்பட்டென்று வெடித்து மணி தரையில் சிதறும்.

இந்தச் சரக்கைத்தான் நான் வருடக்கணக்கில் தள்ளுபடி செய்திருக்கிறேன். உழவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே தள்ளுபடி செய்வது லேசான வேலையில்லை. ஆனால் கறுத்து முளைத்த மணியை எந்த ஆலையும் நல்ல விலைக்கு எடுக்காது. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 5,328 ரூபாய். கூட்டங்களில் அந்த எண்ணைக் காட்டி ஏக்கருக்கு இவ்வளவு வரும் என்று பெருக்கிப் பார்க்கிறீர்கள். ஈரமும் கறையும் அளவுக்குள் இருக்கும் சரக்குக்குத்தான் அந்த விலை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள் என்று கேட்பீர்கள். சும்மா சொல்லவில்லை. துவரையும் தட்டையும் சோளமும் விதைத்தவர்கள் சொன்னது அது. ஆடியில் விதைத்த துவரை ஐப்பசி கார்த்திகை மழையைக் குடித்து, தையில் காய்ந்து அறுவடைக்கு வரும். நீண்ட நாள் பயிருக்கு அது அருமையான ஏற்பாடு. 90 நாள் சோயாவுக்கு அதே தேதியைக் கொடுத்தால், துவரை மழையைக் குடிக்கும் அதே வாரத்தில் சோயா மழையில் நனையும். பழமொழி மேல் குற்றமில்லை.

வட இந்தியாவில் ஆடிக்குச் சமமான மாதத்தில்தானே விதைக்கிறார்கள் என்று இன்னொரு கேள்வி வரும். இந்தூர், உஜ்ஜைன் இருக்கும் மால்வா பகுதியில் ஜூன் நடுவிலிருந்து ஜூலை முதல் வாரம் வரை விதைப்பு. பருவமழை குறைந்தது 100 மில்லிமீட்டர் பெய்த பிறகுதான் விதைக்க வேண்டும் என்று இந்தூரில் இருக்கும் தேசிய சோயா ஆராய்ச்சி நிறுவனம் ஒவ்வொரு வருடமும் சொல்லும். முதல் தூறலைப் பார்த்து விதைத்துவிட்டால் அடுத்த பத்து நாள் வறண்டதும் முளைத்த பயிர் கருகும் என்பதால் அந்த அளவு. அவர்களுக்குத் தென்மேற்குப் பருவமழைதான் பயிரை வளர்க்கிறது. செப்டம்பர் கடைசியில், அக்டோபர் முதலில் அது விடைபெறும்போது பயிரும் காய்கிறது. மழை முடியும் திசையில் அறுவடை. நமக்கு அப்படியே தலைகீழ்: தென்மேற்கு நமக்குக் காற்றும் சாரலும்தான், பெருமழை பின்னால் வருகிறது. இந்தூர் நாட்காட்டியை இங்கே ஒட்டினால் முதல் பக்கம் பொருந்தும், கடைசிப் பக்கம் பொருந்தாது.

அங்கேயே கூட அறுவடை மழை வந்த வருடங்களில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2019 அக்டோபரில் மகாராஷ்டிரத்தில் பருவம் தப்பிய மழை. வயலிலும் களத்திலும் இருந்த சோயா நனைந்தது. அதோடு போகவில்லை. அந்தச் சரக்கிலிருந்து வந்த விதை 2020 ஜூனில் பல மாவட்டங்களில் முளைக்கவில்லை. உழவர்கள் மறுவிதைப்பு செய்தார்கள், புகார் கொடுத்தார்கள், பெரிய செய்தியாயிற்று. ஒரு வருடம் அறுவடை மழையில் மாட்டினால் அடுத்த வருட விதையும் போச்சு. சோயாவில் தேதி தப்பினால் நஷ்டம் ஒரு பருவத்தோடு நிற்பதில்லை.

இப்போது உங்கள் உறுப்பினர்களில் இளைஞர்கள் யூடியூபில் அமெரிக்க விவசாயிகளைப் பார்த்து வருகிறார்கள். "அயோவாவில ஏப்ரல் கடைசியிலயே போடறாங்க, எவ்வளவு சீக்கிரம் போடறமோ அவ்வளவு மகசூல்" என்று ஒரு பையன் என்னிடம் வாதாடினான். அவன் சொன்னது அங்கே உண்மை. ஏன் உண்மை என்று தெரிந்துகொண்டால்தான் இங்கே எந்த அளவு உண்மை என்று தெரியும்.

சோயா பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் பயிர். இரவு நீளத் தொடங்கியதும் அதற்குப் பூக்கும் நேரம் வந்துவிடும். 1920-இல் அமெரிக்க வேளாண்துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்ற இருவர் இதை வெளியிட்டார்கள். அவர்களை அந்த முடிவுக்குக் கொண்டுபோனதில் ஒன்று பிலாக்சி என்ற சோயா ரகம். அதைக் கோடையில் இடைவெளி விட்டு விட்டுப் பல தேதிகளில் விதைத்தார்கள். எப்போது விதைத்தாலும் எல்லாம் செப்டம்பரில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பூத்தன. முந்தி விதைத்தது பெரிய செடியாகிப் பூத்தது. பிந்தி விதைத்தது குட்டையாக நின்று பூத்தது. அயோவாவில் ஜூன் மாதப் பகல் 15 மணி நேரத்துக்கும் மேல். பூக்கும் காலத்தைப் பகல் நீளம் இழுத்துப் பிடித்திருக்கிறது. அதற்குள் செடி எத்தனை கணு விடுகிறதோ அத்தனை இடத்தில் காய். சோயா நாலு நாளுக்கு ஒரு கணு என்ற வேகத்தில் வளரும். அப்படியென்றால் விதைப்பு ஒரு வாரம் தள்ளிப்போனால் ரெண்டு கணுவுக்குக் கிட்டத்தட்ட இழப்பு. அவர்கள் பனி விலகியதும் ஓடி ஓடி விதைப்பதற்குக் காரணம் இதுதான்.

நம் ஊரில் ஜூன் பகல் சுமார் 12 மணி 45 நிமிடம், டிசம்பர் பகல் சுமார் 11 மணி 30 நிமிடம். மொத்த வித்தியாசமே ஒண்ணேகால் மணி நேரம். எந்த மாதம் விதைத்தாலும் சோயாவுக்கு இங்கே பகல் குறைவுதான். ஒரு மாதம், ஒன்றேகால் மாதத்தில் பூத்துவிடும். வடக்கத்தி ரகங்கள் இங்கே முழங்கால் உயரத்தில் பூத்து நிற்பதைப் பார்த்து உரம் போதவில்லை என்று யூரியா போடுகிறார்கள். உரக்குறை இல்லை. அந்த ரகத்துக்கு நம் பகல் போதவில்லை. இந்தூர்ப் பக்கம் ஜூன் பகல் சுமார் 13 மணி 30 நிமிடம். அந்த வெளிச்சத்துக்குத் தேர்ந்தெடுத்த ரகம் இங்கே சீக்கிரம் பூத்து, சீக்கிரம் முடித்துக்கொள்ளும்.

இதிலிருந்து ரெண்டு விஷயம். ஒன்று, முந்தி விதைத்தால் பெரிய செடி என்ற அமெரிக்க லாபம் நமக்கு மிகச் சின்ன அளவில்தான் கிடைக்கும்; அதை நம்பித் தேதி வைக்க வேண்டாம். இன்னொன்று, செடி சின்னதாகத்தான் நிற்கும் என்பதால் இடைவெளியைக் குறைத்து விதைக்க வேண்டும். வரிசைக்கு வரிசை 30, செடிக்குச் செடி 5 செ.மீ. என்று பல்கலைக்கழகம் சொல்வதை "நெருக்கமா இருக்கே" என்று 45-க்கு ஆக்கிவிடாதீர்கள். மக்காச்சோளப் பார் போட்டுப் பழகிய கைக்கு அந்த ஆசை வரும். காலி இடத்தில் சோயா படராது, களைதான் படரும்.

சரி, நமக்குத் தேதியை வைப்பது எது என்றால் தண்ணீர். அதுவும் கடைசித் தண்ணீர். நடுவில் வறட்சி வந்தால் கிணறு இருப்பவனுக்கு மோட்டார் இருக்கிறது, சொட்டுநீர் இருக்கிறது. அறுவடை மழைக்குத் தார்ப்பாயை விட்டால் வேறொன்றும் இல்லை. மால்வாக்காரர்களுக்கு நிலைமை வேறு. 2023 ஆகஸ்ட், நாட்டில் 1901-க்குப் பிறகு மழை மிகக் குறைந்த ஆகஸ்ட்; 36 சதவீதம் குறைவு. ஜூன் 20-இல் விதைத்த வயலுக்கு அந்த மாதம் 42-ஆம் நாளிலிருந்து 72-ஆம் நாள்வரை: காய் பிடித்து மணி நிரம்பும் காலம் முழுக்க வறட்சி. ஜூலை 8-இல் விதைத்த பக்கத்து வயலுக்கு அது 24 முதல் 54-ஆம் நாள். செப்டம்பரில் மழை திரும்பியபோது அதற்கு மணி நிரம்ப இன்னும் நாள் மிச்சம் இருந்தது. இதனால்தான் மானாவாரியில் விவரமான உழவர் எல்லா நிலத்திலும் ஒரே நாளில், ஒரே ரகத்தைப் போடமாட்டார். நம்மிடம் பாசனம் இருப்பதால் நடுவில் இருக்கும் அந்தச் சூதாட்டம் குறைகிறது. ஆகவே அறுவடை நாளை முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி விதைப்பு நாளுக்கு வாருங்கள்.

எண்ணிப் பார்ப்போம். அக்டோபர் 15-க்குள் சாக்கில் ஏறி இருக்க வேண்டும். அறுப்பு, காயவைப்பு, அடிப்பு எல்லாம் சேர்த்துப் பத்து நாள். 90 நாள் பயிர். ஜூலை 7 வருகிறது. அதுதான் கடைசி நாள். ஆரம்ப நாள் இல்லை. ஜூன் 10-இலிருந்து தொடங்கலாம். ஜூன் 15-இல் விதைத்தால் செப்டம்பர் 13-இல் முற்றும். செப்டம்பரிலும் சாயங்கால இடிமழை உண்டுதான். ஆனால் ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு மறுநாள் வெயில் அடிக்கும் மழைக்கும், மூன்று நாள் வானம் மூடியிருக்கும் ஐப்பசி அடைமழைக்கும் வித்தியாசம் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனி மாதம் என்றாலே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. உடுமலை, பல்லடம் பக்கம் மேல்மண் ஒரே நாளில் காய்ந்துவிடும். இது இந்தத் தேதியின் பெரிய குறை, மறைக்க மாட்டேன். முதல் பத்து நாள் தண்ணீர் தவறக்கூடாது. விதைத்துவிட்டுத் தண்ணீர் கட்டுவதைவிட, தண்ணீர் கட்டிப் பதம் வந்ததும் விதைப்பது நம் செம்மண்ணுக்கு நல்லது. சோயா முளைக்கும்போது ரெண்டு பருப்பையும் தலையில் தூக்கிக்கொண்டு, கழுத்தை வளைத்து மண்ணை முட்டிக்கொண்டு வரும். மேலே மண் ஏடு கட்டி இறுகியிருந்தால் கழுத்து முறியும். தோண்டிப் பார்த்தால் விதை முளைத்திருக்கும், வெள்ளைத் தண்டு ஒடிந்து கிடக்கும். ஆனால் விதைக்காரனைத் திட்டிக்கொண்டிருப்போம். ரெண்டு, மூன்று செ.மீ. ஆழத்துக்கு மேல் போகாதீர்கள்.

பி.ஏ.பி. எனும் பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனக் கால்வாயை மட்டும் நம்பி இருப்பவர்களுக்கு இந்த ஆனித் தேதி ஒத்துவராது. நாலு மண்டலத்துக்கும் முறை வைத்து விடும் தண்ணீர், நாம் விதைக்க நினைக்கும் நாளில் வரும் என்று சொல்ல முடியாது. கிணறோ போரோ இல்லாத உறுப்பினரை ஆனிச் சோயாவில் இறக்காதீர்கள். அவருக்குப் புரட்டாசி இருக்கிறது. செப்டம்பர் 20-இல் விதைத்தால் டிசம்பர் 19, அக்டோபர் 5-இல் விதைத்தால் ஜனவரி 3. மழை குறைந்து பனி இறங்கும் நாளில் அறுவடை. மழையின் ஆபத்து இங்கே முளைப்பில் வருகிறது: கனமழை அடித்து வயலில் தண்ணீர் நின்றால் விதை அழுகும். ஆனால் போனால் விதைக் காசோடும் ஒரு உழவுக் கூலியோடும் போகும். மறுபடி கொண்டைக்கடலையோ கொத்தமல்லியோ போட்டுக்கொள்ளலாம். ஆடிச் சோயாவில் போவது மூன்று மாதச் செலவும் சேர்த்து. எனக்கு மானாவாரிக்காரர் யாராவது கேட்டால் புரட்டாசியைத்தான் சொல்வேன். வடிகால் உள்ள நிலம் மட்டும்.

மாசிப்பட்டத்தைப் பற்றி உங்கள் கூட்டங்களில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. நிறுவனமாக நீங்கள் கவனிக்க வேண்டியது அதைத்தான் என்பது என் கருத்து. கோடையில் சோயா போட்டால் வெயிலில் பூ உதிரும், வெள்ளை ஈ வந்து மஞ்சள் தேமல் பரப்பும், தண்ணீர்ச் செலவும் கூட. ஆலைக்கு விற்கும் சரக்குக்கு இது கட்டாது. ஆனால் விதைக்குக் கட்டும். பிப்ரவரி 20-இல் விதைத்தால் மே 21-இல் முற்றும். அடித்துக் காயவைத்துச் சலித்தால் ஜூன் நடுவில் நம் கையில் புது விதை. சோயா விதையின் உயிர் அற்பாயுசு. எண்ணெய்ச் சத்தும் மெல்லிய தோலும் சேர்ந்து, போன அக்டோபரில் அறுத்த விதை ஜூனுக்குள் பலம் இழந்துவிடும். சான்று விதைக்கே 70 சதவீத முளைப்பு இருந்தால் போதும் என்று தரம் வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மகாராஷ்டிரத்தில் கோடைச் சோயாவை விதைக்காகவே போடும் பழக்கம் வளர்ந்ததும் இந்தக் கஷ்டத்தால்தான். பத்து உறுப்பினர் ஆளுக்கு அரை ஏக்கர் விதைக்காக ஒதுக்கினால், இந்தூரிலிருந்து எப்போது லாரி வரும் என்று போனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

லாரி என்றதும் முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். நான் பார்த்த வரையில் சோயா தாமதமாக விதைக்கப்படுவதற்கு உழவரின் சோம்பல் காரணமே இல்லை. காரணம் நிறுவனத்தின் கோப்பு. இயக்குநர் குழு கூடுவது சித்திரைக்குப் பிறகு. தீர்மானம் போட்டு, மூன்று விலைப்புள்ளி வாங்கி, வங்கியில் பணம் வந்து, முன்பணம் அனுப்பி, அங்கே மூட்டை ஏறுவதற்குள் ஜூலை வந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தில் விதை வந்து இறங்கியபோது ஆடி பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. "வந்த விதையை என்ன பண்றது, போட்டுத்தான் ஆகணும்" என்று உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அறுவடையில் என்ன ஆனது என்று விவரிக்க மனமில்லை. அந்த உழவர்களில் பாதிப்பேர் இனி சோயா என்றால் எழுந்து போய்விடுவார்கள். விதைப்புத் தேதியை நிலமும் வானமும் முடிவு செய்ய வேண்டிய இடத்தில் கொள்முதல் குமாஸ்தா முடிவு செய்தால் இப்படித்தான்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். ஆனி விதைப்புக்கான விதைத் தீர்மானத்தை மாசியிலேயே போடுங்கள். விற்பவரோடு எழுதும் ஒப்பந்தத்தில் மே கடைசிக்குள் சரக்கு வராவிட்டால் முன்பணம் திரும்ப வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை, சேருங்கள். மூட்டை இறங்கும் நாளில் ஒரு இயக்குநர் நேரில் நில்லுங்கள். சிமென்ட் மூட்டை மாதிரி லாரி மேலிருந்து எறிய விடாதீர்கள். அந்த அடியில் உள்ளே இருக்கும் முளை நசுங்குவது வெளியே தெரியாது. நாலைந்து மூட்டைக்கு மேல் அடுக்கவும் வேண்டாம். ஒவ்வொரு தொகுதியிலும் நூறு விதை எடுத்து ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, ஏழெட்டு நாளில் எண்ணுங்கள். 70 முளைத்தால் ஏக்கருக்கு 30 கிலோ. 60 என்றால் விதையைக் கூட்டிப் போடலாம். அதற்கும் கீழே என்றால் திருப்பி அனுப்புங்கள். இந்த எட்டு நாளையும் சேர்த்துத்தான் மே கடைசி என்றேன். காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் ரைசோபியம் நுண்ணுயிர் பாக்கெட்டும் அப்போதே வாங்கி நிழலில் வையுங்கள். சோயாவே போடாத மண்ணில் அதற்கான நுண்ணுயிர் இருக்காது. அதை விட்டுவிட்டு யூரியாவைக் கொட்டுவதில் அர்த்தமில்லை.

இன்னொன்று, இதுதான் உங்களுக்குக் கசக்கும். ஜூலை 7 தாண்டிவிட்டால் விதை குடோனில் இருந்தாலும் கொடுக்காதீர்கள். புண்ணாக்கு ஆலைக்கு விற்றுவிடுங்கள். மருந்து கலந்த விதை என்றால் அதுவும் முடியாது, எனவே முளைப்பு பார்த்துக் கொடுக்கும் நாள்வரை மருந்து கலக்காமல் வையுங்கள். உறுப்பினருக்கு அந்த நிலத்தில் உளுந்து போடச் சொல்லுங்கள். 65, 70 நாளில் முடிகிற பயிர், ஐப்பசிக்கு முன் வீட்டுக்கு வந்துவிடும். நிறுவனத்துக்கு விதைக் கணக்கில் கொஞ்சம் கையைக் கடிக்கும். உறுப்பினரின் அறுவடை முழுகுவதைவிட அது பரவாயில்லை.

நான் சொல்லும் தேதியை அப்படியே எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். பொள்ளாச்சிச் சாரலும் தாராபுரத்து வறட்சியும் ஒன்றில்லை. நாமக்கல்லில் காற்று வேறு மாதிரி. கர்நாடகத்தின் தார்வாட், பெளகாவி பக்கம் பிந்தி விதைத்த சோயாவில் துரு நோய் கூடுதலாக அடிக்கும். நமக்கும் மலையோர ஈரத்தில் அது வரலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அதனால் ஒவ்வொரு நிறுவனமும் ஒரே ஒரு உறுப்பினர் வயலில் மூன்று பாத்தி போடுங்கள்: ஜூன் 10, ஜூன் 25, ஜூலை 10. ஒரே ரகம், ஒரே இடைவெளி, ஒரே தண்ணீர். பூத்த நாள், முற்றிய நாள், அறுவடைக்கு முந்திய பத்து நாளில் பெய்த மழை, கிலோ, நூறு மணியில் எத்தனை கறை. இவ்வளவுதான் எழுத வேண்டும். மூன்று வருடம் எழுதினால் உங்கள் ஊருக்கான தேதி உங்கள் நோட்டிலேயே இருக்கும். பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால் வந்து பார்த்துக் கொடுப்பார்கள். அவர்களுக்கும் இந்தக் கணக்கு வேண்டியதுதான்.

இந்த வருடத்துக்கான மூன்று பாத்தியை என் காட்டில் நான் போடுகிறேன். ஜூலை 10 பாத்தி நனையத்தான் போகிறது என்று நினைக்கிறேன். நனையாமல் தப்பித்தால் அதையும் எழுதி அனுப்புகிறேன். உங்கள் மாசிக் கூட்டத்துக்குத் தேதி வைத்ததும் சொல்லுங்கள், விதைத் தீர்மானம் நிகழ்ச்சி நிரலில் முதலாவதாக இருந்தால் நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
உடுமலை வட்டத்திலிருந்து ஒரு விவசாயி